அஞ்சலி ஆகிவிட்ட அஞ்சல்தலை

அனுப்புநர்:
திருமதி நவமணி இராமசாமி,
எண் 27, லோரோங் கெனாரி 4,
தாமான் புக்கிட் கெனாரி,
குனோங் ராபாட், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
சிறப்பு அஞ்சல்தலை வெளியீட்டுப் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: உயிரோடு இருக்கும் என் பேத்தி, ஐஸ் ஹாக்கிக் கோல்காவலர் தினேஸ்வரி மகேந்திரனின் அஞ்சல்தலை அறிவிப்பு, இறப்பு அறிவிப்பாகப் படிக்கப்பட்டது குறித்தும், அதற்குப் பரிகாரம் வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதுகிறவள் எப்பேர்ப்பட்ட வீட்டுக்காரி என்று தெரிந்தால்தான் படிக்கிறவருக்கு அவள் சொல்லில் நம்பிக்கை வரும். ஆகவே எங்கள் பிள்ளைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் பவித்ரன் பினாங்கில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் பொறியியலாளர். அவன் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அங்கே இயந்திரம் ஓடும். பேத்தி துளசி தைப்பிங்கில் மருந்தாளர். மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் பெரிய டாக்டரையே கூப்பிட்டுக் கேட்கிறவள். பேரன் சுரேன் நீள லோரி ஓட்டுகிறான். இன்றுவரை ஒரு சம்மன் வாங்கியதில்லை, இந்த நாட்டில் அதுவும் ஒரு பட்டம்தான். கடைக்குட்டி சாந்தினி கோப்பெங்கில் நடந்த தேவாரப் போட்டியில் மூன்றாம் பரிசு. கலந்துகொண்டதே மூன்று பேர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். மேடை ஏறாமல் கீழே உட்கார்ந்திருந்தவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். நடுப் பேத்தி தினேஸ்வரி, நம் நாட்டு மகளிர் ஐஸ் ஹாக்கிக் குழுவின் கோல்காவலராக இருந்தவள். தாங்களே அஞ்சல்தலை வெளியிட்ட பெண். மேலே சொன்ன அனைவரும் இந்தக் கடிதம் எழுதும் நேரத்தில் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறார்கள். அதைப் பதிவு செய்வதற்காகவே ஒவ்வொருவராகச் சொன்னேன்.

2. நான் இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மலாய் பேச வரும், எழுத வராது. தங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3. தினேஸ்வரியின் விளையாட்டைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். ஆனாலும் நான் பார்த்ததை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி அந்த ஐஸிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் புல்தரை ஹாக்கியில் கோல் காத்தவள் அவள். கோலாலம்பூருக்கு மேல்படிப்புக்குப் போன இடத்தில், ஒரு பேரங்காடிக்கு உள்ளே ஐஸ் தரை போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனாள். வெளியே தார்ச்சாலை இளகும் வெயில். உள்ளே நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டில் ஊற்றிய இரப்பர் பால் அமிலம் பட்டு உறைந்து, தொட்டால் விரல் வழுக்குமே, அந்த வெள்ளை. அதன் மேல் பிள்ளைகள் காலில் கத்தி கட்டிக்கொண்டு மிதந்தார்கள். அவர்கள் கால் தூக்கி வைத்த மாதிரியே தெரியவில்லை. தூக்கத்தில் நாம் நடப்போமே, தரை தொடாமல், நினைத்த இடத்துக்குப் போய்ச் சேருவோமே, அந்த நடை. என் பேத்தி மட்டும் எங்கும் போகவில்லை. வலைக்கு முன்னால் குனிந்து, வருவது எதுவானாலும் வரட்டும் என்று நின்றாள்.

அவர்கள் அடித்து விளையாடுவது பந்து இல்லை ஐயா. கறுப்பாக, வடை அளவில், நடுவில் ஓட்டை இல்லாத ஒரு தட்டு. அது இரப்பராம். துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் குளிர்ப்பெட்டியில் வைத்து உறைய வைப்பார்களாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. நானும் என் அக்காவும் சீவிய மரங்களின் பால் கப்பலேறிப் போகும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். போய் என்ன ஆனது என்று யாரும் வந்து சொன்னதில்லை. அதில் ஒரு துண்டு இத்தனை காலம் கழித்து, கறுத்து, குளிர்ந்து, வழுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிறது என்று எனக்குப் பட்டது. அவள் கையுறையை விரித்து அதை வாங்கிக்கொண்டாள். அப்புறம் அந்த இடத்தில் குளிர் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

4. கோல்காவலர் முகத்தை மூடித்தான் நிற்க வேண்டும், அது விதி. அந்தக் கவசத்தில் அவரவருக்குப் பிடித்த படத்தைத் தீட்டிக்கொள்வார்களாம். தினேஸ்வரி தீட்டியது, எங்கள் அடுப்படிச் சன்னலில் தெரியும் சுண்ணாம்பு மலைகளை. விடிந்ததும் பனி வந்து அடிவாரத்தை மறைத்துவிட்டால் அந்த மலைகள் தரையை விட்டு எழும்பித் தொங்கும். அப்படியே, தொங்குகிற மலையாக, நெற்றியிலிருந்து கன்னம் வரை வரைந்திருக்கிறாள். பாறை வெடிப்புகளையும் விடவில்லை. சிவப்புச் சாயத்தில் கோடு கோடாக இழுத்திருக்கிறாள்.

ஆசியாவின் சிறந்த கோல்காவலர்கள் என்று தாங்கள் வெளியிட்ட வரிசையில் ஜப்பான்காரர் ஒருவர், கொரியாக்காரர் ஒருவர், தாய்லாந்துப் பெண் ஒருத்தி, நான்காவதாக எங்கள் தினேஸ்வரி. நால்வரும் கவசத்தோடுதான் இருக்கிறார்கள். அதுதான் கோல்காவலருக்கு மரியாதை என்று அவளே தொலைபேசியில் சொன்னாள். அவள் இப்போது கனடாவில் பயிற்றுநர் படிப்புப் படிக்கிறாள். இவ்வாண்டு நடுவில்தான் திரும்புவாள். பெயருக்குக் கீழே 2017–2025 என்று போட்டிருக்கிறது. அவள் நாட்டுக்காகக் கோல் காத்த ஆண்டுகள் அவை.

அஞ்சல்தலையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாங்கிய அன்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி யார் யாருக்கோ எழுதும் கடிதத்தின் மூலையில் எங்கள் மலை ஒட்டிக்கொண்டு போகும். தபால் பையில் படுத்து, கடல் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு வீட்டு மேசையில் போய் இறங்கும். அந்த வீட்டிலும் கொஞ்ச நேரம் பனி இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன். எச்சில் தொட்டு ஒட்ட மனம் வராமல் தண்ணீர் தொட்டே ஒட்டினேன்.

5. என் குறை, எங்கள் தாமான் குடியிருப்பின் அஞ்சல் நிலையத்தில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் பற்றியது. தலைமையகத்திலிருந்து வந்த சுவரொட்டி மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. முகப்பில் வேலை செய்யும் முஹ்ஸினா என்ற பிள்ளை, தமிழர்களுக்கும் தெரியட்டுமே என்று நல்ல மனதோடு ஒரு தமிழ் அறிவிப்பு தயார் செய்தாள். அஞ்சல் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸின் மகள் அவள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். படித்தது மலாய்ப் பள்ளியில், ஆகவே தமிழ் எழுத்து தெரியாது. நினைவாக வெளியிடும் ஸ்டாம்புக்குத் தமிழில் என்ன என்று கைத்தொலைபேசியைக் கேட்டிருக்கிறாள். அது 'நினைவு அஞ்சலி' என்று கொடுத்திருக்கிறது.

'நினைவு அஞ்சல்தலை' என்று இருக்க வேண்டியது. 'தலை' விழுந்துவிட்டது. 'ல்' எழுத்தின் மேல் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்கி வந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான் ஐயா. ஒரு புள்ளி போய் ஒரு கொக்கி வந்ததில் அஞ்சல் அஞ்சலி ஆகிவிட்டது.

அதோடு போகவில்லை. படத்தை நகல் இயந்திரத்தில் பெரிதாக்கியதில் வண்ணம் எல்லாம் கறுப்பு வெள்ளை ஆனது. மலை மறைந்துவிட்டது, வெடிப்புகள் மட்டும் நின்றன. பார்த்தால் தலையில் அடிபட்டுக் கட்டுப்போட்ட மாதிரி. சுற்றிலும் கறுப்புக் கரை. மேலே நினைவு அஞ்சலி, கீழே தினேஸ்வரி மகேந்திரன், அதற்கும் கீழே 2017–2025, ஓரத்தில் அஞ்சல் நிலையத்தின் வட்ட முத்திரை, எங்கள் பேச்சில் சாப்பு. தமிழ்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களைத் தினமும் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆண்டுகளைக் கழித்துப் பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. துக்கத்தில் யார் கணக்குப் போடுவார்கள்?

6. அன்று நான் வீட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். அஞ்சல்தலையைப் பற்றிக் கேள்விப்பட்டு யாராவது வருவார்கள் என்று ஏலக்காய் தாராளமாகப் போட்டேன். முதலில் வந்தவள் ருக்குமணி. ஒரே தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்து, தோட்டத்தை விற்ற பிறகு இதே தாமானுக்கு வந்து சேர்ந்தவள். அவளுக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள், தலைமுடியை முடிந்துகொண்டு, வெளிறிய சேலையில், ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலத்தோடு. ருக்குமணி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்து நானும் கொஞ்சம் அழுதேன். பிறகு அவள் முதுகைத் தட்டி, இதற்கெல்லாம் அழலாமா, எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியமா இது, நம் வீட்டுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லி, உட்காரவைத்து, ஒரு தட்டில் கேசரி வைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தொடவில்லை. நான் கனடாவில் பனி கொட்டுகிறது என்றேன். பிள்ளை இப்போது நிம்மதியாக இருக்கிறாள், அவள் பட்ட கஷ்டத்துக்கு இது கிடைத்தது, அரசாங்கமே படம் போட்டுவிட்டது என்றேன். ஒருத்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். கடைசியில் ருக்குமணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மனச தேத்திக்க நவமணி. மொகத்தகூட மூடித்தான் போட்டிருக்காங்க, எந்த நெலமையில இருந்துச்சோ புள்ள."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுப்பில் வைத்த நெய் கருகியது அதற்குப் பிறகுதான் மூக்குக்கு எட்டியது. தினேஸ்வரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசவைத்ததும் சிரித்தார்கள், கேசரியையும் சாப்பிட்டார்கள். ருக்குமணி மட்டும் எனக்கு ஒரு சமாதானம் சொன்னாள்: "நம்ம ராஜாவத் தவுர உசுரோட இருக்கிறவங்கள ஸ்டாம்புல போடுவாங்களா லா? நான் எங்க கண்டேன்?" அவள் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

7. அன்றைக்கே அஞ்சல் நிலையத்துக்குப் போனேன். முஹ்ஸினாவிடம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "பாட்டி, எனக்குப் பேச வரும், படிக்க வராது லா. அழகா இருக்குன்னு பெரிய எழுத்துல வேற போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் அறிவிப்பைக் கிழித்தாள். பிறகு முகப்பை விட்டு வெளியே வந்து என் காலில் விழப் பார்த்தாள், நான் விடவில்லை. அவள் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று இந்த மனுவில் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் ஒன்று ஒட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத இடத்தில் அவளுக்குத் தோன்றியது. தினேஸ்வரியும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, முஹ்ஸினாவுக்குத் தன் கையெழுத்துப் போட்ட படம் அனுப்பப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

8. எனக்கு முத்தம்மா என்று ஓர் அக்கா. பாகான் செராயில் தன் மகன் கார்த்திகேசு வீட்டில் இருக்கிறார். தினேஸ்வரியின் அப்பாவும் அம்மாவும், அதாவது என் மகன் மகேந்திரனும் மருமகளும், தொழிற்சாலையில் மாறி மாறி வேலை பார்த்த காலத்தில், அந்தப் பிள்ளையைத் தவழ்ந்ததிலிருந்து பள்ளிக்கூடம் சேர்த்தது வரை வளர்த்தவர் அக்காதான். வயல் வரப்பில் நிற்கவைத்துக் கொய்யாக்காயைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்லுவாராம். தினேஸ்வரி தன் முதல் பயிற்றுநர் யார் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் பெரியபாட்டி என்றுதான் சொல்கிறாள்.

அக்காவுக்கு இப்போது நினைவு மங்கிவருகிறது. நேற்று நடந்தது இன்று இல்லை. ஆனால் எழுதியிருப்பதைப் படித்துவிடுவார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கற்ற எழுத்து இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த அறிவிப்பை யாரோ படம் பிடித்து வாட்சப்பில் போட, அது எங்கள் காதுக்கு வருவதற்கு முன்பே பாகான் செராய் போய்விட்டது. அக்கா பார்த்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர், பெரியம்மா கேட்கிறாரே என்று கடையில் அச்செடுத்தும் கொடுத்துவிட்டார். அக்கா அதைத் தன் படுக்கைக்கு எதிரே, இறந்துபோன அத்தானின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, பூச்சரம் போட்டு, விளக்கும் ஏற்றிவிட்டார்.

9. தகவல் கிடைத்ததும் நானும் மகேந்திரனும் போனோம். அக்கா என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளை எங்கே என்று கேட்டார். நல்ல சேதியை நல்ல விதமாகச் சொல்ல வேண்டும் என்று நானும் சொன்னேன்: "ஐஸ்லதான் இருக்கா அக்கா, நல்லா இருக்கா."

 அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஐஸ்லயா வச்சிருக்காங்க? எப்ப நவமணி கொண்டாருவாங்க?"

ஐயா, எங்களுக்கு அந்த விளையாட்டின் பெயரைச் சொல்ல வேறு வார்த்தை கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஐஸ்தான் வந்து நின்றது. கனடா ரொம்பக் குளிர் என்று மகேந்திரன் சொன்னான். அக்கா தன் போர்வையை எடுத்து மடித்து, அவளுக்குப் போர்த்தச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

10. இதைத் தீர்க்க எங்களால் ஆனதை எல்லாம் செய்துவிட்டோம். சுவரில் இருந்த தாளைக் கார்த்திகேசு எடுத்து ஒளித்து வைத்தான். அக்கா வீடு முழுக்கத் தேடினார். பிள்ளையைத் தூக்கி எங்கே போட்டீர்கள் என்று கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். திரும்ப ஒட்டும்படி ஆகிவிட்டது. அதன் பக்கத்தில் தினேஸ்வரி சிரிக்கிற படம் ஒன்றை மாட்டினோம். அது அவள் இருந்தபோது எடுத்தது என்கிறார். தொலைபேசியில் முகத்தைக் காட்டிப் பேசவைத்தோம். அக்கா திரையைத் தடவித் தடவிப் பார்த்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார், நன்றாகத்தான் பேசினார். தொலைபேசியை வைத்ததும் எங்களிடம், பார்த்தீர்களா, பகலிலேயே கனவில் வந்துவிட்டாள் என்றார்.

அந்தச் சந்தோசத்தோடு தூங்குகிறார். காலையில் எழுந்ததும் எதிரே இருக்கும் எழுத்தைப் படிக்கிறார். நேற்றைய அழுகை அவருக்கு நினைவில்லை. ஆகவே இன்றுதான் சேதி வந்த மாதிரி முதலிலிருந்து அழுகிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐயரிடம் சொன்னாயா என்று மகனைக் கேட்கிறார். எத்தனையாவது நாள் என்று கேட்டால், இன்றுதானே என்கிறார். இந்தப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. மருமகள் அரிசியைக் களைந்துவிட்டாள். துக்க வீட்டில் என்ன பொங்கல் என்று அக்கா அடுப்பை அணைத்துவிட்டார். பால் பொங்காத பொங்கல் அந்த வீட்டில் இதுதான் முதல் தடவை என்று கார்த்திகேசு என்னிடம் சொன்னான்.

11. நாங்கள் இத்தனை பேர் சொல்கிறோம், ஏன் அக்கா நம்பவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அதற்கும் காரணம் இருக்கிறது. அக்காவுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்டத்தில் பிறந்தவர், பதிய யாரும் போகவில்லை. அதனால் இதே நாட்டில் பிறந்தும் வெகுகாலம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு அலைந்தபோது ஒவ்வொரு முகப்பிலும் ஒரே கேள்வி: நீங்கள் இங்கே பிறந்ததற்குச் சாப்பு குத்திய தாள் எங்கே? ஆள் எதிரே நிற்கிறாரே என்று கூடப் போனவர்கள் சொன்னால், ஆள் நின்றால் போதாது என்பார்கள். கடைசியில் நீல அட்டை கிடைத்தபோது முடி நரைத்துவிட்டது. அந்த அலைச்சலில் அக்கா ஒன்றைக் கற்றுக்கொண்டார். மற்றது எல்லாம் மறந்தபோதும் அது மறக்கவில்லை. நான் அன்று எவ்வளவோ சொல்லி முடித்த பிறகு, அந்தத் தாளின் ஓரத்தில் வட்டமாக இருந்ததைத் தொட்டுக் காட்டினார்:

"சாப்பு குத்தியிருக்கே நவமணி. நீ சொல்றதுக்குச் சாப்பு இருக்கா?"

என்னிடம் இல்லை ஐயா. தங்களிடம் இருக்கிறது.

12. முஹ்ஸினாவிடம் புதிய அறிவிப்பு ஒட்டித்தரச் சொல்லிக் கேட்டேன். அவளும் அவளுடைய மேலாளரும் மரியாதையோடுதான் பேசினார்கள். இனித் தலைமையகத்தின் அனுமதி இல்லாமல் எந்த மொழியிலும் ஒரு வரிகூட ஒட்ட முடியாது, அஞ்சல்தலையில் உள்ள படத்தைத் தவிர வேறு படம் போடவும் உத்தரவு இல்லை என்றார்கள். அஞ்சல்தலையில் இருப்பதோ கவசம். அதையே திரும்ப ஒட்டினால் அக்கா திரும்பவும் அழுவார். ஆகவேதான் மேலே போகாமல் வழியில்லை என்று தங்கள் சமூகத்துக்கு வந்திருக்கிறேன்.

13. நான் வேண்டுவது பெரிய காரியம் இல்லை. அஞ்சல்தலையை மாற்ற வேண்டாம்; அது அவளுடைய மரியாதை. யாரையும் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். தினேஸ்வரியிடம் பேசிவிட்டேன். கனடாவில் ஐஸ் தரையிலேயே நின்று, அதே கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புதிதாக ஒரு புகைப்படம் எடுத்துத் தங்களுக்கு அனுப்பிவிடுவாள். முடியை ஒதுக்கிக்கொண்டு, இடது புருவத்தின் கீழே இருக்கும் மச்சம் தெரியும்படி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மச்சத்தில் மை வைத்து வளர்த்தவர் அக்கா. கவசம் கையில் இருக்க வேண்டும், முகம் வெளியே இருக்க வேண்டும். கவசத்துக்குள் இருந்தவள் இவள்தான் என்று அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

படத்தின் மேல் 'நினைவு அஞ்சல்தலை' என்று, 'ல்' மேல் புள்ளி சரியாக வைத்து எழுத வேண்டும். 'தலை'யை விடக் கூடாது. கீழே 'கோல்காவலர் தினேஸ்வரி, நலமாக இருக்கிறார்' என்று ஒரு வரி. அஞ்சல்தலை அறிவிப்பில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். இந்த ஒரு தடவை எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. வண்ணத்தில் இருக்கட்டும். ஓரத்தில் சாப்பு மறக்காமல் இருக்கட்டும். எங்கள் தாமானில் ஒன்றும், பாகான் செராய் அஞ்சல் நிலையத்தின் பலகையில் ஒன்றும் ஒட்ட உத்தரவிட வேண்டும்.

பாகான் செராயில் ஒட்டும் படத்தைக் கொஞ்சம் தாழ்வாக ஒட்டச் சொல்லுங்கள். அக்காவுக்குக் கூன் விழுந்துவிட்டது. கார்த்திகேசு அவரைக் காலையில், சுவரில் உள்ளதைப் படித்து அழத் தொடங்குவதற்கு முன்னால், காரில் ஏற்றிக் கூட்டிவருவான். அவர் பலகைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். சாப்பை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். மறுநாள் மறந்துவிட்டால் மறுநாளும் கூட்டிவருகிறோம். அதற்கு மறுநாளும் வருகிறோம். ஒரு மாதம் ஆனதும் பழைய அறிவிப்பு என்று கழற்றிவிட வேண்டாம் ஐயா. இப்போது அந்த வீட்டில் தினமும் காலையில் சாகிற பிள்ளை, இனித் தினமும் காலையில் பிழைத்து வரட்டும்.

புதிய படத்தை ஒட்டித் தாருங்கள்.

பேராக், குனோங் ராபாட்டிலிருந்து,
19 ஜனவரி 2026

தங்கள் சாப்பை எதிர்பார்த்திருக்கும்,
நவமணி இராமசாமி
(கோல்காவலர் தினேஸ்வரியின் அப்பாவைப் பெற்றவள்)